பத்தாண்டுக் கோட்டையும் நானூறாண்டுப் பாட்டும்

மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கு நோக்கி ஏறாவூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையிலே, வாவியின் கரையை ஒட்டி அமைந்துள்ளது தன்னாமுனை என்னும் ஊர். 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கும் வாவி ஒருபுறம். சிறிது தொலைவில் வங்கக் கடல் மறுபுறம். இடையே தென்னைகளும், மீனவர் தோணிகளும், புனித சூசையப்பர் ஆலயமும். வாவியின் நீருக்கடியில் மீன்கள் பாடுகின்றன என்னும் செய்தியை வானொலி நேயர்கள் பன்முறை கேட்டிருப்பர். அந்தப் பாட்டைப் பற்றி எழுதாதவர் இலர். ஆயின் வாவியின் கரையிலே மனிதர் பாடிவந்த ஒரு பாட்டு உண்டு. அதன் வரலாறு மீனின் பாட்டைக் காட்டிலும் வியப்பானது.

தன்னாமுனை வட்டகையிலும், நகரைச் சார்ந்த கூளாவடி, டச் பார் முதலிய இடங்களிலும் பறங்கியர் எனப்படும் சமூகத்தார் வாழ்ந்துவருகின்றனர். அவர்களுடைய திருமண வீடுகளிலே வயலின் இசைக்கும். கிதார் உடன் சேரும். றபான் என்னும் ஒருமுகப் பறை தாளம் போடும். ஆணும் பெண்ணும் இணை இணையாக எதிர் நின்று ஆடுவர். முதியோர் பாடும் பாட்டின் சொற்கள் தமிழுமல்ல, சிங்களமுமல்ல, ஆங்கிலமுமல்ல. அவை போர்த்துக்கேயச் சொற்கள். லிஸ்பனிலிருந்து வரும் ஒருவர் அவற்றைக் கேட்டாற் சொற்கள் பலவற்றை அடையாளங் காண்பார். ஆயின் வாக்கியம் அவர் கைக்குள் எளிதில் அகப்படாது.

இந்தப் பாட்டு இங்கே எவ்வாறு வந்தது? போர்த்துக்கேயர் ஆண்டனர், ஆதலால் அவர் மொழி நிலைத்தது என்று விடை கூறுவது எளிது. ஆனால் ஆண்டுகளை எண்ணிப் பார்த்தால் அவ்விடை நில்லாது.

போர்த்துக்கேயர் இலங்கையின் மேற்குக் கரையில் முதன்முதல் வந்திறங்கியது 1505 அளவில். கிழக்குக் கரையை அவர்கள் நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை. 1602இல் ஒல்லாந்தக் கடலோடி யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பில் வந்திறங்கிக் கண்டியரசனைக் காணச் சென்றான். அதன் பின்னரே போர்த்துக்கேயர் விழித்துக்கொண்டனர். கண்டியரசுக்கு வெளியுலகத் தொடர்பு தரும் துறைமுகங்களை அடைத்துவிட வேண்டும் என்பது அவர் எண்ணம். 1624இல் திருகோணமலையிற் கோட்டை எழுந்தது. 1628இல் தளபதி கொன்ஸ்தாந்தினு த சா மட்டக்களப்பின் புளியந்தீவிலே கோட்டை ஒன்றைக் கட்டுவித்தான். பத்தே ஆண்டுகள். 1638ஆம் ஆண்டு மே மாதம் 18ஆம் நாள், கண்டியரசன் இரண்டாம் இராஜசிங்கனோடு சேர்ந்து ஒல்லாந்தர் அக்கோட்டையைக் கைப்பற்றினர். இலங்கையில் ஒல்லாந்தர் வசமான முதற் போர்த்துக்கேயக் கோட்டை அதுவே. கொழும்பு வீழ்ந்தது 1656இல். யாழ்ப்பாணம் வீழ்ந்தது 1658இல். ஆக, போர்த்துக்கேயர் கொடி மிகக் குறைந்த காலம் பறந்த இடங்களுள் ஒன்று மட்டக்களப்பு. அவர் மொழியோ தீவிலே வேறெங்கும் மறைந்துகொண்டிருந்த நாளிலும் மட்டக்களப்பிலே பேசப்பட்டது. கோட்டையே மொழியைக் காத்தது என்று கொள்வதற்கு இங்கு இடமில்லை.

மொழியைக் காத்தது அடுக்களை. போர்த்துக்கேயப் படைவீரர் பலர் இந்நாட்டுப் பெண்களையும் இந்தியக் கரைகளிலிருந்து வந்த பெண்களையும் மணந்து குடியமர்ந்தனர். பிள்ளைகள் தந்தையின் மொழிச் சொற்களைத் தாயின் வாயிலிருந்து கற்றனர். தாய் அவற்றைத் தன் மொழியின் அச்சில் வார்த்தே கொடுத்தாள். ஒல்லாந்தர் வந்தபொழுது அவர்தம் கப்பல்களிற் பெண்கள் மிகச் சிலரே வந்தனர். ஒல்லாந்தக் கம்பனியின் எழுத்தரும் சிப்பாய்களும் மணந்துகொண்டது இந்தக் கலப்புக் குடும்பங்களின் பெண்களைத்தான். பகலில் அலுவலகத்தில் ஒல்லாந்தம் எழுதியவன் மாலையில் வீடு திரும்பி மனைவியோடும் ஆயாவோடும் பிள்ளைகளோடும் போர்த்துக்கேயம் பேசினான். எதிரியின் கோட்டைகளை எல்லாம் பிடித்தவர்கள் எதிரியின் மொழிக்குத் தம் வீட்டு முற்றத்திலேயே தோற்றனர்.

ஒல்லாந்த ஆட்சியாளர் இதனை அறியாதவரல்லர். இலங்கைத் தேசாதிபதிகள் போர்த்துக்கேயத்தை ஒழிக்க முயன்றனர். 1659இல் பத்தாவியாவில், இன்றைய ஜகார்த்தாவில், தலைமை ஆட்சியாளராயிருந்தவர் மாற்சைக்கர். இவர் முன்னர் இலங்கையிலும் தேசாதிபதியாயிருந்தவர். போர்த்துக்கேயம் பேசவும் கற்கவும் எளிதான மொழி. அதனை ஒரு சொல்லும் கேட்டறியாத அரக்கான் அடிமைகளும், ஏன், தம்முடைய பிள்ளைகளுமே அதனை விரும்பிப் பற்றிக்கொள்வதைத் தடுக்க இயலவில்லை என்னும் கருத்தை அவரும் அவருடைய அவையினரும் எழுதிவைத்தனர். பேரரசொன்று இவ்வளவு வெளிப்படையாகத் தன் தோல்வியை ஒப்புக்கொள்வது அருமையே.

இதன் தடயம் இன்றும் ஊர்ப்பெயரில் உள்ளது. மட்டக்களப்பிற் போர்த்துக்கேயம் பேசிய பறங்கியர் பலர் வாழ்ந்த கடற்கரைப் பகுதிக்குப் பெயர் டச் பார். அதாவது ஒல்லாந்தர் மணற்றிட்டு. அவர்களுட் பலருடைய குடும்பப் பெயர்களும் போர்த்துக்கேயப் பெயர்கள் அல்ல. பெயர் தந்தை வழி வந்தது; பேச்சுத் தாய் வழி வந்தது. கொழும்பிலே குடிப்பட்டியல் பேணி, ஒல்லாந்தக் குருதியின் தூய்மை பேசிய உயர்தரப் பறங்கியர், கைத்தொழில் செய்யும் இந்தக் கிழக்குக் கரை உறவினரை நெடுங்காலம் தமக்குக் கீழாகவே வைத்து எண்ணினர். தச்சு, கொல்லு, தகர வேலை, தையல், சப்பாத்துத் தைத்தல், துப்பாக்கி பழுதுபார்த்தல் ஆகியனவே மட்டக்களப்புப் பறங்கியரின் தொழில்கள். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 1982இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையொன்று இந்த ஏற்றத்தாழ்வையே தன் பொருளாகக் கொண்டது. இங்கு ஒன்று நோக்கத்தக்கது: உயர்ந்த தரத்தார் ஆங்கிலேயர் காலத்தில் விரைந்து ஆங்கிலத்துக்கு மாறினர், பட்டறையில் இருந்தவரே பழைய மொழியைக் கைவிடாதிருந்தனர்.

அந்த மொழி எத்தகையது? அதன் சொற்களிற் பெரும்பாலானவை போர்த்துக்கேயம். அவற்றின் நடையோ நம்முடையது. போர்த்துக்கேயத்தில் வினைச்சொல் வாக்கியத்தின் நடுவே நிற்கும். மட்டக்களப்புப் பறங்கியர் பேச்சில் அது தமிழிற்போல இறுதிக்குச் சென்றுவிடும். எனக்குப் பசிக்கிறது என்று தமிழர் நான்காம் வேற்றுமையிற் கூறுவதுபோலவே அவர்களும் கூறுவர்; லிஸ்பன் நகரத்தாருக்குப் பசி 'எனக்கு' வருவதில்லை, அவர்கள் அதனை 'உடையவர்'. 1970களில் மட்டக்களப்பில் தங்கி ஆராய்ந்த மொழியியலாளர் இயன் சிமித், இம்மொழியின் இலக்கணம் தமிழிலக்கணத்தை நோக்கி எவ்வளவு தூரம் நடந்து வந்துள்ளது என்பதை விரிவாக எடுத்துக்காட்டினார்.

கொடுக்கல் வாங்கல் ஒருவழிப்பட்டதன்று. இலங்கைத் தமிழர் நாள்தோறும் அமரும் கதிரையும், உண்ணும் மேசையும், காலையில் வாங்கும் பாணும், காலில் அணியும் சப்பாத்தும், சமைக்கும் குசினியும், துடைக்கும் துவாயும் போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொற்களே. சொற்களை நாம் எடுத்துக்கொண்டோம். சொற்களைக் கோக்கும் நூலை அவர்கள் எடுத்துக்கொண்டனர்.

இனிப் பாட்டுக்கு வருவோம். மட்டக்களப்புப் பறங்கியரின் ஆடற்பாட்டுக்குக் கபிரிஞ்ஞா என்று பெயர். காப்பிரி என்னும் சொல்லோடு போர்த்துக்கேயத்திற் சிறுமையும் செல்லமும் குறிக்கும் விகுதி சேர்ந்து பிறந்த பெயர் இது. காப்பிரிகள் என்பார் ஆபிரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து அடிமைகளாகவும் படைவீரராகவும் கொண்டுவரப்பட்டவர்கள். போர்த்துக்கேயர் கொணர்ந்தனர், ஒல்லாந்தர் கொணர்ந்தனர், ஆங்கிலேயரும் தம் இலங்கைப் படையணிகளில் அவர்களைச் சேர்த்தனர். அவர்களின் வழித்தோன்றல்கள் புத்தளத்தை அடுத்த சிரம்பையடியில் இன்றும் உள்ளனர். கைதட்டியும், கரண்டியும் கோப்பையும் தட்டியும் 'மாஞ்ஞா' என்னும் பாட்டுகளைப் பாடுவர். அவற்றின் சொற்களும் போர்த்துக்கேயக் கலப்பு மொழியே.

எனவே, போர்த்துக்கேயர் இந்த இசையைக் கப்பலில் ஏற்றி வந்து இறக்கினர் என்று பொதுவாகச் சொல்லப்படுவது பாதி உண்மையே. போர்த்துக்கல் நாட்டில் இப்பெயரோடு இவ்விசை இல்லை. நாலடியாக அமையும் பாட்டின் வடிவமும், இருவர் மாறி மாறிப் பாடிப் போட்டியிடும் வழக்கமும் அந்நாட்டு நாட்டுப்புறத்துக்கு உரியவை. ஆறு எண்ணிக்கையில் துள்ளி, இரண்டாகவும் மூன்றாகவும் ஒரே வேளையில் எண்ணத்தக்க தாளத்தில் ஆபிரிக்கரின் கையைக் காண்பது தகும். ஆட்டத்தின் பெயரே அவர்களைச் சுட்டுகிறது. றபான் இந்நாட்டிலே வழங்குவது. வயலின் ஐரோப்பியர் தந்தது. பிற்காலத்தில், ஆங்கிலேயர் விருந்து மண்டபங்களில் ஆடிய 'லான்சர்ஸ்' என்னும் நாற்கோண ஆட்டமும் மட்டக்களப்புத் திருமண வீட்டுக்குள் நுழைந்து, நான்கு இணைகள் கூடி ஆடும் சடங்காகவே நிலைபெற்றது. இங்கிலாந்தில் அது வழக்கொழிந்த பின்னரும் வாவிக்கரையில் அது வழங்கியது. ஆட்சியாளர் மூவரும் விட்டுச்சென்ற கூத்துகளைத் தச்சரும் கொல்லரும் பொறுக்கியெடுத்துத் தம் பிள்ளைகளின் திருமணத்துக்கு வைத்துக்கொண்டனர் எனலாம்.

பாட்டின் பொருள் பெரும்பாலும் காதலும் கேலியுமே. பெண்ணைப் புகழ்வது, கிழவனை நையாண்டி செய்வது, கடலைக் கடந்து போனவனை நினைப்பது. வேறொரு வகைப் பாட்டுக்குச் சிக்கோத்தி என்று பெயர். அதன் நடை கபிரிஞ்ஞாவைக் காட்டிலும் ஆறுதலானது. ஆழ்ந்த தத்துவத்தை இவற்றில் தேடுவோர் ஏமாறுவர். ஆயின் நம் நாட்டார் பாடல்களிற் காதலும் கேலியுமன்றி வேறென்ன மிகுதி?

இந்தப் பாட்டுக்கு உலகில் உடன்பிறப்புகளும் உண்டு. மலாக்காவை ஒல்லாந்தர் 1641இற் கைப்பற்றினர். அங்கும் போர்த்துக்கேயம் பேசும் மீனவச் சமூகம் நிலைத்தது. அவர்கள் பாடும் 'ஜிங்க்லி நோனா' என்னும் பாட்டும் இலங்கையிற் பாடப்பட்ட 'சிங்கலே நோனா' என்னும் பாட்டும் ஒரே குடும்பத்தவை. ஜகார்த்தாவை அடுத்த தூகு என்னும் ஊரில் 17ஆம் நூற்றாண்டிற் குடியேற்றப்பட்ட விடுதலைபெற்ற அடிமைகளின் வழியில் வந்தோர் 'குரோன்சோங்' என்னும் நரம்பிசையைக் காத்தனர். அது பின்னர் இந்தோனேசியாவின் தேசிய இசைகளுள் ஒன்றாயிற்று. மும்பைக்குத் தெற்கே கோர்லை என்னும் சிற்றூரிலும் இத்தகைய மொழியொன்று வாழ்கிறது. கடலோரக் கோட்டைகளின் சங்கிலி அறுந்து மூன்று நூற்றாண்டுகள் கழிந்த பின்னும் பாட்டின் சங்கிலி அறாதிருந்தது. மலாக்காவிலிருப்பவருக்கு மட்டக்களப்பைத் தெரியாது. மட்டக்களப்பிலிருப்பவருக்கு மலாக்காவைத் தெரியாது. இரு பாட்டுகளிலும் அதே நோனா.

ஆங்கிலேயர் 1796அளவில் கரையோர மாகாணங்களை ஒல்லாந்தரிடமிருந்து கைக்கொண்டபொழுது, இலங்கையின் நகரங்களில் யாவரும் ஒருவாறு விளங்கிக்கொண்ட ஐரோப்பிய மொழி ஆங்கிலமுமன்று, ஒல்லாந்தமுமன்று. இந்தக் கலப்புப் போர்த்துக்கேயமே. ஆங்கில அதிகாரிகள் அதனைக் கற்க வேண்டியிருந்தது. 1811இற் பெரெஞ்சர் என்பார் அதற்கொரு இலக்கண நூல் வெளியிட்டார். மெதடிஸ்த மதப்பரப்பாளர் 1814இல் இலங்கை வந்தனர். அவர்களுள் வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு அனுப்பப்பட்டு, அங்கேயே மறு ஆண்டில் இறந்தார். அச்சபையைச் சேர்ந்த பொக்ஸ் 1819இற் போர்த்துக்கேயம், சிங்களம், ஆங்கிலம் மூன்றுக்கும் அகராதி செய்தார். நியூஸ்ரெட் புதிய ஏற்பாட்டை இம்மொழியிற் பெயர்த்து 1826இற் கொழும்பில் அச்சேற்றினார். கத்தோலிக்கப் போர்த்துக்கலின் மொழிக்கு ஆங்கிலப் புரட்டஸ்தாந்தர் வேதநூல் அச்சிட்டுக் கொடுத்த விந்தை வேறெங்கும் எளிதிற் காணக்கூடியதன்று. ஆயினும் கல்வி ஆங்கிலத்தில் வளர வளர, இம்மொழி சமையலறைப் பேச்சு என்று இகழப்படத் தொடங்கியது. இலக்கணமும் அகராதியும் பெற்ற மொழி ஒரு தலைமுறைக்குள் வெட்கப்படத்தக்க மொழியாயிற்று.

நூல்கள் மொழியை எழுதின. பாட்டை எழுதியவர் வேறொருவர். இலங்கைக் குடியியற் சேவையில் இருந்த ஹியூ நெவில் என்னும் ஆங்கிலேயர் ஏட்டுச் சுவடிகளைத் திரட்டுவதிற் பேரார்வங் கொண்டவர். அவர் சேர்த்த ஈராயிரத்துக்கு மேற்பட்ட சுவடிகள் அவர் 1897இல் இறந்த பின் இலண்டனுக்குச் சென்றன. பெரும்பாலும் சிங்களச் சுவடிகளாகிய அத்தொகுதிக்குள்ளே, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதப்பட்ட போர்த்துக்கேயப் பாடற் கையெழுத்துப் படியொன்றும் கிடந்தது. பறங்கியர் பாட்டும் காப்பிரிகள் பாட்டும் அதில் உள்ளன. அமெரிக்கப் பேராசிரியர் கென்னத் டேவிட் ஜாக்சன் அதனைக் கண்டெடுத்து, மட்டக்களப்பில் உயிரோடு பாடப்பட்ட பாட்டுகளோடு ஒப்பிட்டு, 1990இல் நூலாக்கினார். இதற்கு முன்னரே, 1900இல், கோவா நாட்டுக் குருவானவரும் சொல்லாராய்ச்சியாளருமாகிய தல்காதோ இலங்கைப் போர்த்துக்கேயம் பற்றி லிஸ்பனில் நூல் வெளியிட்டிருந்தார்.

இருபதாம் நூற்றாண்டிலே இந்தப் பாட்டின் வாழ்வு இரண்டாகப் பிரிந்தது. ஒரு கிளை மேற்குக் கரையில் ஓடிற்று. மற்றது வாவிக்கரையிலேயே தங்கிற்று.

மேற்குக் கரையில், கொழும்பு, மொறட்டுவை, நீர்கொழும்பு முதலிய இடங்களிற் சிங்களக் கத்தோலிக்கரும் தொழிலாளரும் கபிரிஞ்ஞாவின் தாளத்தை எடுத்துக்கொண்டு போர்த்துக்கேயச் சொற்களை இறக்கிவைத்தனர். சிங்களச் சொற்கள் அதில் ஏறின. ஆடுதல் என்று பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து பைலா என்று பெயரும் வந்தது. இருவர் எதிரெதிர் நின்று உடனுக்குடன் பாட்டுக்கட்டி வாதாடும் வாத பைலா முதலில் ஊர்க்கூட்டங்களிற் செல்வாக்குப் பெற்றது. கொழும்பிற் பொலிஸ் சேவையிலிருந்த வொலி பஸ்தியன் அதனைப் பல்லவி கொண்ட தனிப்பாட்டாக மாற்றினார். பைலாவின் தந்தை என்று இன்றும் குறிக்கப்படுபவர் அவரே. எம். எஸ். பெர்னாண்டோ முதலியோர் அவரைத் தொடர்ந்தனர். பின்னர் மின்கிதாரும் மேலைநாட்டு முரசுத் தொகுதியும் வந்தன. ஜிப்சீஸ் போன்ற இசைக்குழுக்கள் எழுந்தன. 2021இல் மறைந்த சுனில் பெரேரா அக்குழுவின் தலைவராக அரை நூற்றாண்டுக் காலம் அரசியல்வாதிகளையும் அயலாரையும் கேலிசெய்து பாடினார். கேலி என்பது கபிரிஞ்ஞாவின் பழைய சொத்து அன்றோ?

கற்றோர் பைலாவை எளிதில் ஏற்கவில்லை. 1952இல் இலங்கை வானொலிக் கலைஞரைத் தரம்பிரிக்க வட இந்திய இசைப் பேரறிஞர் இரத்தன்ஜங்கர் அழைக்கப்பட்டார். இராகமும் தாளமும் கற்றுத் தேர்ந்தோருக்கு அத்தராசு பொருத்தமானதே. கலியாண வீட்டுப் பாட்டை அதில் வைத்து நிறுக்க முடியுமோ? சிங்களத் தேசிய இசை எது என்று தேடியோருக்குப் பைலா பறங்கிச் சரக்காகத் தோன்றிற்று; பறங்கியருள் உயர்தரத்தாருக்கோ அது அடுக்களைச் சரக்காகத் தோன்றிற்று. கேட்டவர்கள் இருவரையும் கேட்கவில்லை. இன்று கிரிக்கெற் மைதானத்தில் இலங்கையர் இனபேதமின்றி எழுந்து ஆடுவது இந்தத் தாளத்துக்கே.

தமிழருக்கும் அது மேற்கிலிருந்தே திரும்பி வந்தது. 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோர் பாடிய ஈழத்துப் பொப்பிசைப் பாட்டுகள் பைலாத் தாளத்தில் அமைந்தவை. மனோகரன் பாடிய 'சுராங்கனி' தமிழகத்தில் வீடுதோறும் ஒலித்தது. 2018இற் காலமான அவரைத் தமிழகத்தார் சிலோன் மனோகர் என்றே அழைத்தனர். யாழ்ப்பாணத்துப் பள்ளி விழாக்களிலும் சென்னையின் மெல்லிசை மேடைகளிலும் அதனைப் பாடியோருட் பலர், அதன் தாளத்துக்குரிய பழைய வீடுகளுள் ஒன்று தமிழ் வழங்கும் மட்டக்களப்பிலேயே உள்ளது என்பதை அறிந்திலர். வாவிக்கரையிலிருந்து அடுத்த தெருவுக்குச் செல்ல வேண்டிய பாட்டு கொழும்பைச் சுற்றி, சிங்களத்தின் வழியாகத் தமிழுக்கு வந்தது. ஒரே ஊரில், ஒரே ஆலயத்தில், ஒரே தச்சுப் பட்டறையில் நானூறு ஆண்டுகள் உடன் வாழ்ந்தவர்களின் பாட்டைத் தமிழுலகம் செவிசாய்த்துக் கேட்காதது ஏன் என்பது சிந்திக்கத்தக்கது. பறங்கியர் தமிழை நன்கு கற்றனர்; தமிழர் அவர் மொழியைக் கற்கத் தேவையே எழவில்லை. பெரிய மொழியின் பக்கத்தில் வாழும் சிறிய மொழிக்கு இயல்பாக நேர்வது இது. இதனைக் குற்றமென்று கூறுவது மிகை. கவனக்குறைவு என்று கூறலாம்.

வாவிக்கரையில் தங்கிய கிளையின் கதை வேறு. அங்கே பாட்டு தன் சொற்களை விடவில்லை; அதனாலேயே அதன் வட்டம் பெருகவுமில்லை. பிள்ளைகள் தமிழ் மூலம் கல்வி கற்றனர். கலப்புத் திருமணங்கள் பெருகின. அவுஸ்திரேலியாவுக்கும் பிற நாடுகளுக்கும் குடும்பங்கள் பெயர்ந்தன. 1983 முதல் 2009 வரை நீடித்த போர்க்காலம் கிழக்கு மாகாணத்தின் எல்லாச் சமூகத்தாரையும் வாட்டியது. மாலை மயங்கியதும் கதவடைத்துக்கொண்ட ஆண்டுகளில் விடியும்வரை ஆடும் கலியாண வீடு எங்ஙனம் நடக்கும்? இவற்றுக்கு மேலாக 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாட் காலை வந்தது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட டச் பார் மணற்றிட்டை ஆழிப்பேரலை கடந்து சென்றது. நத்தாருக்கு மறுநாள் அது. பறங்கியர் வீடுகளில் உறவினர் கூடியிருக்கும் நாள். பாடத் தெரிந்தோரும் ஆடத் தெரிந்தோரும் ஒரே காலையில் மறைந்தனர். எஞ்சியோர் உள்நாட்டுப் பக்கமாகக் கட்டப்பட்ட புதிய குடியிருப்புகளுக்குச் சென்றனர். பக்கத்துப் பக்கத்து வீடுகளிலிருந்து பேசிய மொழிக்கு, வீடுகள் சிதறுவது சிறிய இழப்பன்று.

எது பிழைத்தது? தாளம் சொற்களை உதறிவிட்டு நாடு முழுவதையும் வென்றது. சொற்களோ தாளத்தை விடாது பற்றிக்கொண்டு சில நூறு குடும்பங்களுக்குள் ஒடுங்கின. பைலாவின் வெற்றியைக் கண்டு கபிரிஞ்ஞா வாழ்கிறது என்று ஆறுதல் கொள்வோர் உண்டு. அந்த ஆறுதல் பொருந்தாது. பைலாவுக்குக் கபிரிஞ்ஞா தேவையில்லை. அது தானே நடக்கும். போர்த்துக்கேயச் சொற்களை நாவில் வைத்திருக்கும் முதியோர் மறைந்தால், நாலடிப் பாட்டின் கேலி எந்தச் சொல்லில் உள்ளது, ஆடுவோர் எந்த அடியிற் சிரிக்க வேண்டும் என்பவற்றைச் சொல்ல எவரும் இரார்.

ஒலிப்பதிவு இதற்கு ஓரளவு துணை செய்திருக்கிறது. உலகக் கண்காட்சி லிஸ்பனில் நடைபெற்ற 1998ஆம் ஆண்டில், போர்த்துக்கலின் திராதிசொம் நிறுவனம் 'ஒலிகளின் பயணம்' என்னும் இசைவட்டுத் தொடரை வெளியிட்டது. போர்த்துக்கேயர் கடல்வழி சென்ற நாடுகளில் எஞ்சிய இசையைச் சேர்த்த அத்தொடரில் ஒரு வட்டு இலங்கைப் பறங்கியரின் பாட்டுக்கு உரியது. அதற்குத் துணைநின்றவர் முற்கூறிய ஜாக்சன். தச்சரும் கொல்லரும் கலியாண வீட்டிற் பாடியது, கடல் கடந்து, அந்த மொழி புறப்பட்ட நகரத்துக்கே விற்பனைப் பொருளாகச் சென்றது.

அதன் பின்னர், 2015ஐ ஒட்டிய ஆண்டுகளில், லிஸ்பன் பல்கலைக்கழக மொழியியலாளர் ஊகோ கார்டோசோவும், இசை மானிடவியலாளர் மகேஷ் இராதாகிருஷ்ணனும், அவர்தம் உடனாய்வாளரும் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் பறங்கியர் வீடுகளுக்குச் சென்று பேச்சையும் பாட்டையும் ஆட்டத்தையும் ஒளி ஒலிப் பதிவாக்கினர். பாட்டு ஒன்று, அதன் பொருளுரை ஒன்று, அதனைப் பாடியவர் தம் வாழ்க்கையைப் பற்றிச் சொன்ன கதை ஒன்று என்று அவை சேர்ந்தன. அழியும் நிலையிலுள்ள மொழிகளுக்கான ஆவணக் காப்பகத்தில் அவை வைக்கப்பட்டுள்ளன. விரும்புவோர் இணையத்தின் வழியே கேட்கலாம். பறங்கியர் ஒன்றியத்து இளைஞரும் கபிரிஞ்ஞாவையும் லான்சர்ஸையும் ஒத்திகை பார்த்துப் பொதுமேடைகளில் ஆடுகின்றனர். அவர்களுட் பலர் வீட்டிற் பேசுவது தமிழ். பாட்டின் சொற்களை மனப்பாடம் செய்துகொண்டு, பொருளைப் பாட்டியிடம் கேட்டுத் தெரிந்துகொள்கின்றனர்; பாட்டி அதனைத் தமிழிலேயே சொல்லிக்கொடுக்கிறாள்.